மூன்று வயது ராஜா

கடையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடம். அதற்குத் தலைவி கோமதி அம்மா. மடத்தில் சமையல் பார்த்த சொரிமுத்துவின் மகள் வயதுதான் அவருக்கு இருக்கும். ஆனாலும் குரு அவர், சீடர் இவர். இவர் ‘அம்மா’ என்பார், அவர் ‘அண்ணாச்சி’ என்பார். பார்த்துச் சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும் என்பது சொரிமுத்துவின் கட்சி.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. விதைநெல்லோ, தையல் மெஷினோ, புதுக்கடைச் சாவியோ, எதைத் தொடங்கினாலும் முதலில் அம்மா கையில் கொடுத்து வாங்குவார்கள். அம்மா யாருக்கும் மறுத்ததில்லை.

ஒருநாள் காலை சொரிமுத்து தன் மகள் கல்யாணியோடு வந்து நின்றார். அவள் கையில் போன் இருந்தது. முந்தானையில் ஒரு ஜோடித் தோட்டை முடிந்திருந்தாள். புருஷன் போன பிறகு அவளிடம் மிஞ்சிய பொன் அவ்வளவுதான்.

வீட்டில் இருந்தபடியே கம்பெனிகள் கேட்கும் கேள்விகளுக்குப் போனில் பதில் சொன்னால் பணம் தருகிறார்களாம். சேர்வதற்கு முன்கட்டணம் கட்ட வேண்டுமாம். தோட்டை அடகு வைக்கப் போகிற வழியில், அம்மா கையால் போனைத் தொட்டுத் தர வேண்டும் என்றாள் கல்யாணி.

சொரிமுத்துவுக்கு மனசு ஒரு நிலையில் இல்லை.

“இந்தக் கட்டணம் கேக்கவன் நம்பிக்கையான ஆளுதானாம்மா? எப்படிக் கண்டுபிடிக்கது?”

அம்மா கல்யாணி பக்கம் திரும்பினார். வேறு எங்காவது முயன்று பார்த்தாயா என்று கேட்டார்.

பார்த்தாளாம். அங்கே கட்டணம் கிடையாது, ஆனால் கொடுப்பதும் கொசுறுதான். அதற்கும் ஆயிரம் நொட்டை சொன்னார்களாம். கார் வைத்திருப்பவர்களைத்தான் எடுப்பார்களோ என்று நினைத்து, இருக்கிறது என்று ஒரு பொய்யைத் தட்டிவிட்டாள். பின்னால் எதில் பயணம் போவீர்கள் என்று கேட்டபோது, பழக்கதோஷத்தில் பஸ் என்று தட்டினாள். ‘இந்த ஆய்வுக்கு நீங்கள் பொருந்தவில்லை’ என்று வந்தது. அடுத்த தடவை உண்மையே சொன்னாள். அப்போதும் அதே பதில்தான்.

“இவங்க அப்படி இல்லம்மா. எடுத்த எடுப்புலயே சகோதரின்னு கூப்பிட்டாங்க.”

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொள்ளாமலே, “சகோதரின்னு சொன்ன இடத்தத் தொற. புதுசா ஒரு ஆளு சேருத மாதிரி. நான் சொல்லுதேன், நீ தட்டு” என்றார்.

வயது கேட்டது.

“மூணு.”

கல்யாணி அப்பாவைப் பார்த்தாள். சொரிமுத்து அம்மாவைப் பார்த்தார். அம்மா கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தட்டும்மா. தொழில் கேக்கானா? ராஜான்னு போடு.”

எந்தச் சோப்பு வாங்குவீர்கள், எதற்கு என்று கேட்டது. யானையைக் குளிப்பாட்ட, எது மலிவோ அது என்று சொன்னார் அம்மா. கல்யாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு தட்டினாள்.

திரையில் பூ மாரி பொழிந்தது. ‘வாழ்த்துகள்! உங்களைப் போன்ற ஒருவரைத்தான் தேடிக்கொண்டிருந்தோம்.’ அதன் கீழே கட்டணம் கட்டும் பொத்தான் மினுங்கியது.

கல்யாணியின் சிரிப்பு அப்படியே நின்றது.

“இப்ப, ஒன்ன வேண்டாம்னு சொன்ன இடத்தத் தொற.”

அங்கேயும் வயது மூன்று என்று தட்டினாள். அடுத்த கேள்வியே வரவில்லை. நன்றி, நீங்கள் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டது.

சொரிமுத்துவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை நாள் இந்த அம்மாவுக்கு உலை வைத்ததே தன் பாக்கியம் என்று நினைத்துக்கொண்டார். ஒரு ஆளைப் பற்றியும் ஒரு சொல் தப்பாகச் சொல்லாமல், உட்கார்ந்த இடத்திலேயே மகளின் தோட்டைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார்களே!

கல்யாணி மெதுவாக முடிச்சை அவிழ்த்துத் தோட்டைக் காதில் மாட்டிக்கொண்டாள். ஆனாலும் அவளுக்கு மனசு ஆறவில்லை.

“அப்ப, என்னைய வேண்டாம்னு வெரட்டுனவங்கதான் நல்லவங்களாம்மா?”

அம்மா கடைசிக் கீரைத்தண்டை ஒடித்துப் போட்டார்.

“அவங்க நீ எழுதுனதப் படிச்சிருக்காங்க, கல்யாணி.”