சிவப்பாகிப் போன பள்ளம்

பெருங்காட்டில் யானையும் காட்டெருமையும் மறுபடியும் தேர்தலில் மோதின. பார்த்துப் பார்த்து எல்லோருக்கும் அலுத்துவிட்டது.

காட்டு வழக்கப்படி கிளி பெரிய பாறையில் காட்டின் படத்தை வரைந்தது. யானையை ஆதரிக்கும் பகுதிக்குச் செம்மண் பூச்சு. காட்டெருமையை ஆதரிக்கும் பகுதிக்குத் தழைச்சாறு. எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாத இடத்துக்கு மஞ்சள். அப்படி இருந்தது நடுப்பள்ளம் ஒன்றுதான்.

மஞ்சளாக இருந்தவரை பள்ளத்துக்கு ராஜ மரியாதை! “உங்கள் குளத்தைத் தூர் வாரித் தருகிறோம், தாயே” என்று யானையின் ஆள் நரி, அங்கே குடியிருந்த முயலின் வளைக்கே வந்து கும்பிட்டது. காட்டெருமையின் ஆள் பன்றியும் அதையே சொன்னது. முயல் காட்டெருமைக்கு ஓட்டுப் போட்டது. பக்கத்து வளைக் கீரி யானைக்குப் போட்டது.

பள்ளத்தில் யானை மயிரிழையில் வென்றது. கிளி மஞ்சளை அழித்துவிட்டு முழுக்கச் செம்மண்ணை அப்பியது.

“பாதிப் பேர் காட்டெருமைக்குப் போட்டோமே. ஓர் ஓரமாகவாவது பச்சை தீற்றக் கூடாதா?” என்று முயல் கேட்டது.

“ஜெயித்தவர் நிறம்தான் பூசுவேன். பறந்துகொண்டே பார்ப்பவர்களுக்குச் சட்டென்று புரிய வேண்டாமா?” என்றது கிளி.

கோடை வந்தது. தூர் வாராத குளம் வற்றியது. முயலின் குட்டிகள் நாக்கு வறண்டு சுருண்டு கிடந்தன. முயல் அவற்றை இழுத்துக்கொண்டு பச்சைப் பகுதி ஓடைக்குப் போனது. பன்றி வழிமறித்தது.

“சிவப்புக்காரர்களுக்கு இங்கே தண்ணீர் கிடையாது.”

“ஐயா, நான் உங்களுக்குத்தான் போட்டேன்.”

“பாறையில் அப்படி இல்லையே!”

முயல் நரியிடம் போய் நின்றது. நரி கொட்டாவி விட்டது.

“உங்கள் பள்ளம்தான் சிவப்பாகிவிட்டதே. இனி அங்கே எங்களுக்கு என்ன வேலை?”

ஆறு கடக்கும்வரைதான் அண்ணன் தம்பி. முயல் குட்டிகளை இழுத்துக்கொண்டு பள்ளத்துக்குத் திரும்பியது. அதற்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

வறண்ட குளத்தில் கீரி தனியாகக் குழி பறித்துக்கொண்டிருந்தது.

“ஜெயித்தது உன் யானைதானே, தம்பி? உனக்குமா தண்ணீர் இல்லை?”

“நரியிடம் கேட்டுப் பார்த்தேன் அக்கா. பள்ளத்தில் பாதிப் பேர் துரோகிகளாம். யார் யாரென்று பிரிக்கத் தெரியாதாம். அதனால் யாருக்கும் இல்லையாம்.”

முயலும் பக்கத்தில் இறங்கித் தோண்டியது. நகம் தேய்ந்த பிறகு அடியில் கொஞ்சம் ஊறியது. முதலில் குட்டிகள் குடித்தன. கடைசிக் குட்டி மட்டும் குடிக்கவில்லை. அதற்கு வாயைத் திறக்க முடியவில்லை. கீரி தன் வாலை நனைத்து அதன் உதட்டில் சொட்டு சொட்டாக விட்டது. வெகுநேரம் கழித்துக் குட்டி ஒருமுறை விழுங்கியது.

வென்றவரின் நிறத்தை ஊர் முழுவதற்கும் பூசிவிட்டால், அங்கே வாழ்பவர்களின் தாகம் யார் கண்ணுக்கும் தெரியாது.