நத்தை வயிற்றில் கல்

"யாரோ செய்வினை வச்சிட்டாங்கம்மா. என் வீட்டுக்காரி பேச மாட்டேங்கா."

கோமதிநாயகம் பிள்ளை கல்யாண வீடுகளில் சமைக்கிற தவசுப்பிள்ளை. அமாவாசைக்கு அமாவாசை கடற்கரை மடத்துக்கு வருவார். வந்தவர்களுக்கெல்லாம் சோறாக்கிப் போட்டுவிட்டு, மடத்துச் சாமியம்மா முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். வயதில் சாமியம்மா அவருக்கு மகள் மாதிரி. ஆனாலும் அவள்தான் குரு. ஞானம் என்ன, பந்தியில் மூத்தவருக்கு முதல் இலை என்கிற மாதிரி வயசு பார்த்தா வருகிறது?

"பேசவே மாட்டேங்காளா, அண்ணாச்சி?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுவா. அதுக்கு மேல ஒரு சொல் கிடையாது. கட்டிக்கிட்டு வந்த புதுசுல வாய் ஓயாது. ஆடு குட்டி போட்டதுல இருந்து அடுத்த வீட்டுச் சண்டை வரைக்கும் சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுவா. இப்போ வீடே சத்திரம் மாதிரி கிடக்கு. எனக்கு அந்தப் பழைய உலகம்மா வேணும். ஒரு மந்திரம் சொல்லுங்க, விபூதி குடுங்க, எதையாவது செய்யுங்க."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"நானா?" பிள்ளைக்குச் சுருக்கென்றது. "கை நீட்டினது கிடையாது. குடி கிடையாது. பெரிசா ஒரு சண்டை கிடையாது. ஊர்ல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க."

மனிதர் பொய் சொல்லவில்லை. பொய் சொல்லியிருந்தால் சாமியம்மாவுக்கு வேலை சுலபமாகப் போயிருக்கும்.

"சாப்பிட உட்கார்ந்தா?"

"சாப்பிடுவேன்."

"சும்மா சாப்பிடுவீங்களா?"

"தொழில்காரன் நாக்கும்மா. உப்பு ஒரு கல் தூக்கலா இருந்தாலும் தெரிஞ்சிரும். சொல்லுவேன். பருப்பு குழையலைன்னா சொல்லுவேன். ஒரு சொல்தான், திட்ட மாட்டேன். அவ கைப்பக்குவம் இன்னும் நல்லா வரட்டுமேன்னுதான்."

"தினமுமா?"

"தினமும்தானே சாப்பிடுதோம்."

சாமியம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. ஒரு தேங்காய்ச் சிரட்டையை எடுத்துக்கொண்டு கடலோரப் பாறைக்கு இறங்கினாள்.

கடல் உள்வாங்கிக் கிடந்தது. ஈரப்பாறையில் நத்தைகள் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு கைப்பிடி பொறுக்கிச் சிரட்டையில் போட்டுக் கடல் தண்ணீர் ஊற்றினாள். கொண்டுவந்து அடுக்களை வாசலில் வைத்தாள்.

"காலையில பாப்போம், அண்ணாச்சி. இன்னைக்கு இங்கேயே படுங்க."

மந்திரம் கேட்டால் நத்தை பிடிக்கிறாளே என்று முனகிக்கொண்டே பிள்ளை பாயை விரித்தார்.

விடிந்ததும் சாமியம்மா நத்தைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாறையிலேயே விட்டாள். சிரட்டைத் தண்ணீரை மெல்லச் சாய்த்து ஊற்றினாள். அடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ மண்டி தங்கியிருந்தது.

"உங்க நாக்கை ஊரே மெச்சுதே. இதில என்ன இருக்கு, சொல்லுங்க."

பிள்ளைக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார்.

"கடல் உப்பு. கொஞ்சம் பாசி வாடை." நிறுத்தினார். பல்லில் நறநறவென்றது. "கல்லும்மா. மாவா அரைச்ச கல்."

"சரியாச் சொன்னீங்க."

"என்னது இது?"

"நத்தை எச்சம்."

பிள்ளை தூ தூ என்று துப்பிவிட்டு ஓடிப்போய் வாய் கொப்பளித்தார். திரும்பி வந்தபோது சாமியம்மா சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

"நத்தை கல்லைத் தின்னவா வந்துது, அண்ணாச்சி?"

"கல்லை எது தின்னும்? பாசியைத் தின்ன வந்திருக்கும்."

"அப்போ வயித்துல கல் எப்படி வந்துது?"

பிள்ளை பாறையைப் பார்த்தார். எத்தனையோ அமாவாசை அதில் உட்கார்ந்திருக்கிறார். நத்தைகள் இருந்த இடமெல்லாம் குழி விழுந்து, பாறை உடம்பெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி இருந்தது. அதை அவர் இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

"அலை அடிச்சு அடிச்சு இப்படி ஆச்சுன்னுல்லா நெனச்சேன்."

"எல்லாரும் அப்படித்தான் நெனைப்பாங்க. அலைதானே சத்தம் போடுது."

பிள்ளை குனிந்து ஒரு நத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நகர்வதே தெரியவில்லை.

"அதுக்கு நாக்கு முழுக்கப் பல்லு," என்றாள் சாமியம்மா. "வழிச்சு வழிச்சுத் திங்கும். பாசியை மட்டும் எடுக்க அதுக்குத் தெரியாது. பாறையும் ஒரு பொடி கூட வந்திரும்."

பிள்ளை அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு அவ மேல கோபமே கிடையாதும்மா."

"நத்தைக்கு மட்டும் பாறை மேல கோபமா?"

பிள்ளை ஒரு குழியை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார்.

"இனிமே ஒண்ணும் சொல்ல மாட்டேன். நத்தையை எடுத்துட்டா எல்லாம் பழையபடி ஆயிருமில்லா?"

"பாசி வளரும்."

"பாறை?"

சாமியம்மா சிரட்டையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

"பஸ் வந்திரும். கிளம்புங்க, அண்ணாச்சி."

மத்தியானம் பிள்ளை வீடு சேர்ந்தார். உலகம்மா ஒன்றும் கேட்கவில்லை. இலையைப் போட்டுச் சோறு வைத்துக் கத்திரிக்காய்க் குழம்பை ஊற்றினாள்.

பிள்ளை பிசைந்து ஒரு வாய் வைத்தார். நிஜமாகவே அருமையாக இருந்தது. இன்னொரு வாயும் சாப்பிட்டுவிட்டுத்தான் சொன்னார்.

"உலகம்மா, குழம்பு ரொம்ப நல்லா இருக்கு."

அவள் கரண்டியோடு அங்கேயே நின்றாள். போகவில்லை. பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தாள்.

"ம்," என்றாள். "மிச்சத்தையும் சொல்லிருங்க."