காவோ மரம் மழையில் மொட்டையான கதை

மரங்கள் வாய்விட்டுப் பேசி, மனிதர்களும் நின்று பதில் சொன்ன அந்தக் காலத்தில், எல்லா மரங்களுக்கும் ஒரே சட்டம்தான். மழை வந்தால் தழைக்க வேண்டும். கோடை வந்தால் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்க வேண்டும். காவோ மரமும் அப்படித்தான் இருந்தது. இன்றைக்கு அது செய்கிற தலைகீழ் வேலையெல்லாம் அப்போது அதற்குத் தெரியாது.

ஆப்பிரிக்காவின் பெரும் பாலைவனத்துக்குத் தெற்கு ஓரத்தில், ஹவுசா மக்கள் கம்பு விதைக்கும் ஓர் ஊர். அங்கே தலாத்து என்று ஒருத்தி இருந்தாள். கிணறு வெட்டுகிறவள். அவளுக்கு எதையும் மெதுவாகச் சொல்லவும் வராது, மெதுவாகச் செய்யவும் வராது. ஈரமணல் தட்டுப்பட்டால் போதும், கிணற்றுக்குள்ளிருந்து அவள் போடுகிற கூச்சல் மூன்று வயல் தள்ளிக் கேட்கும்.

அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு. வயல் என்றால் வழித்துவிட்ட சட்டி மாதிரி இருக்க வேண்டும். ஒரு மரக்கன்று தலை காட்டினாலும் அந்த வீட்டுக்குச் சோம்பேறிப் பட்டம் வந்துவிடும். மரம் நின்றால் நிழல் விழும், நிழலில் கம்பு வெளுக்கும் என்பது அவர்கள் கண்ணால் கண்டது. அது பொய்யுமில்லை. ஆனால் மரங்களை எல்லாம் வெட்டித் தீர்த்த பிறகு, வடக்கிலிருந்து வந்த மணற்காற்றுக்குக் குறுக்கே நிற்க ஒரு குச்சிகூட இல்லை. முளைத்து ஒரு சாண் எழுந்த பயிரை அது அறுத்துப் போட்டுவிட்டுப் போனது. வருஷத்துக்கு வருஷம் வெயில் ஏறியது, மழை தள்ளிப்போனது. பாதி ஊர் மூட்டை கட்டித் தெற்கே போய்விட்டது.

தலாத்துவிடம் மிஞ்சியது ஒரே ஒரு சுரைக்குடுக்கை விதைக் கம்பு. அதுவும் போனால் இரண்டு பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அவளும் கிளம்ப வேண்டியதுதான்.

அவள் வயலில் ஒரு காவோ மட்டும் எப்படியோ தப்பி நின்றது. பக்கத்து வயல் பாக்கோவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. ஊரிலேயே சுத்தமான வயல் அவனுடையது. நல்ல கோடையில் ஒருநாள் தன் கோடரியையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

“ஏம்மா தலாத்து, இது வயலா காடா? மழைக்கு முன்னாடி இதை வெட்டிப் போடு. வெட்டிட்டுக் கோடரியை மறக்காம குடுத்துடு.”

“சரிண்ணே” என்று வாங்கிக்கொண்டு போனாள். கோடரியை ஓங்கியதும் மரம் பேசியது.

“வெட்டுறது இருக்கட்டும். முதல்ல என் காலடியைப் பாரு.”

தலாத்து குனிந்து பார்த்தாள். போன வருஷத்துக் கம்புத் தட்டைகள் வயல் முழுக்க அடியோடு போயிருந்தன. மரத்துக்குத் தெற்கே மட்டும் கொஞ்சம் நின்றன. மண்ணைக் கிளறினாள். மற்ற இடத்தில் வெளுத்துக் கிடந்த மண் இங்கே கறுத்துப் பொலபொலவென்று இருந்தது.

“உன் மறைவுல இருந்தது தப்பிச்சிருக்கு! ஆனா ஒண்ணுகூட கதிர் பிடிக்கல. காத்தைத் தடுத்த நீ, வெயிலையும் சேர்த்துல்ல தடுத்திருக்க? மழைக்காலத்துல மட்டும் இலை இல்லாம நில்லேன்!”

“நல்லா இருக்கே நியாயம்! மழையில தழைக்காம வேற எப்போ தழைக்கிறதாம்? கோடையில எனக்குத் தண்ணி யாரு வச்சிருக்கா?”

“தண்ணியா? அதை என்கிட்டயா கேக்குற?”

கோடரியைப் போட்டுவிட்டு ஓடினாள். வயலோரக் கிணற்றில் கயிற்றைப் பிடித்து இறங்கி, அடியிலிருந்து ஒரு கை ஈரமணல் எடுத்து வந்து, காவோவின் வேரில் வைத்து அழுத்தினாள்.

மரம் உச்சிவரை சிலிர்த்தது. “ஐயோ, குளிருதே! இந்த வெயில்ல இது எங்கே கிடைச்சுது?”

“உன் காலுக்குக் கீழேதான். பன்னிரண்டு ஆள் ஆழம். நீ என்னடான்னா வேரை மேலாகப் பரப்பிட்டு வானத்தைப் பார்த்துட்டு நிக்கிற. நேரா கீழே போ!”

“போறேன். தண்ணி மட்டும் எட்டிடுச்சுன்னா, மழைக்காலம் முழுக்க உன் கம்புக்கு வெயில் விடுறேன். இது சத்தியம்.”

அன்றிலிருந்து தலாத்துவுக்குச் சோறு தண்ணி மறந்துபோனது. தினமும் கிணற்றுக்குள் இறங்கிச் சுவரில் காதை வைத்து வேர் இறங்கும் சத்தத்தைக் கேட்பாள். “இன்னும் நாலு ஆள்தான்! விடாதே!” என்று கத்துவாள். ஊரார் அவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். ஒரு நண்பகலில் ஈரமணலைக் கீறிக்கொண்டு வெள்ளை வேர்நுனி ஒன்று எட்டிப் பார்த்தது. அன்று அவள் போட்ட கூச்சலுக்குப் பாக்கோ வீட்டு ஆடுகள் கட்டை அறுத்துக்கொண்டு ஓடின.

பதினைந்தே நாளில், ஊரே காய்ந்து கிடந்த வேளையில், காவோ பச்சைப்பசேலென்று தழைத்தது. வெயில் தாளாத ஆடுமாடுகள் எல்லாம் அதன் நிழலுக்கு வந்து படுத்தன. விழுந்த சாணமும் புழுக்கையும் மண்ணோடு சேர்ந்தன. தலாத்து பூரித்துப்போனாள். முதல் மழை விழுந்ததும் குடுக்கையைக் கவிழ்த்து, கடைசி மணிவரை மரத்தைச் சுற்றியே விதைத்தாள்.

கம்பு முளைத்தது. ஆனால் காவோ இலையை உதிர்க்கவில்லை.

“இன்னைக்கு ஒருநாள் மட்டும். மழையில நனையுறது எவ்வளவு சுகம் தெரியுமா? தூரத்துப் புதரெல்லாம்கூட இலையோட நிக்குது. நான் மட்டும் மொட்டையா நின்னா சிரிக்காதா?”

ஒருநாள் ஒன்பது நாளானது. நாற்று வெளுத்துத் தலை சாய்ந்தது. வேலியோரம் வந்த பாக்கோ தலையில் அடித்துக்கொண்டான்.

“அப்பவே சொன்னேனே கேட்டியா? இன்னைக்காவது வெட்டு. வெயில் பட்டாப் பயிர் பிழைச்சுக்கும். கோடரி உன்கிட்டதானே இருக்கு?”

தலாத்து கோடரியோடு வந்தாள். மரம் நடுங்கிப்போனது. “வெட்டப் போறியா?”

“வெட்டினா இந்த வருஷம் என் புள்ளைங்களுக்குக் கூழ் உண்டு” என்றாள். “அடுத்த வருஷம் மணல்தான் உண்டு. எனக்குத் தெரியுது. நீ சொன்ன சொல்லு உனக்குத் தெரியலையா?”

கையிலிருந்தால் வெட்டிவிடுவோமோ என்று அவளுக்கே பயம் வந்தது. விடுவிடுவென்று கிணற்றடிக்குப் போய்க் கோடரியை உள்ளே வீசினாள். தொப்பென்று விழுந்தது. அது பாக்கோவின் கோடரி என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

பன்னிரண்டு ஆள் ஆழத்தில், காவோவின் வேர்நுனிக்கு அருகில் போய்க் கிடந்தது அந்தக் கோடரி. இரும்பின் சில்லிப்பு வேர் வழியே ஏறி உச்சிக்கிளையைத் தொட்டது. மரத்துக்கு வெட்கமாகிவிட்டது. மூச்சை இழுத்துப் பிடித்து ஒரே உலுக்கு உலுக்கியது. அத்தனை இலையும் சோவென்று கொட்டியது! தலாத்து முழங்கால்வரை இலைக்குள் நின்றாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. வெயில் நேராக நாற்றின் மேல் விழுந்தது.

மறுவாரம் மணற்காற்று வந்தது. பாக்கோவின் சுத்தமான வயலில் ஒரு தாள் மிஞ்சவில்லை. காவோவோ மொட்டைக் கிளைகளால் காற்றை முறித்துத் தள்ளியது. உதிர்ந்த இலை மக்கி உரமானது. அறுவடை நாளில் தலாத்து கம்போடு கம்பாக நின்று அளந்து பார்த்தாள். முப்பது தப்படி தள்ளி முழங்கால் உயரம். பத்துத் தப்படியில் இடுப்பளவு. மரத்தடியில் அவள் தலையே தெரியவில்லை. “வந்து பாருங்க, வந்து பாருங்க!” என்ற கூச்சல் ஊர் முழுக்கக் கேட்டது.

முதலில் வந்தவன் பாக்கோ. நம்பாமல் தானும் நின்று அளந்தான்.

“அண்ணே, உங்க கோடரி கிணத்துக்குள்ள கிடக்கு” என்றாள் தலாத்து தயங்கியபடி. “இறங்கி எடுத்துத் தரட்டுமா?”

பாக்கோ மரத்தை அண்ணாந்து பார்த்தான். “அது அங்கேயே கிடக்கட்டும்மா. எனக்கு இந்த மரத்து விதை ரெண்டு குடு.”

காவோ கோடை முழுக்கப் பச்சையாக நின்று, மழை விழுந்ததும் இலையைக் கொட்டிக் கம்புக்கு வெயில் விடுவது அந்த வருஷம் தொடங்கியதுதான். களையெடுக்கும் ஹவுசாக்காரர் காவோ கன்றைக் கண்டதும் களைக்கொத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றிப் போவதும் அந்த வருஷம் தொடங்கியதுதான்.