முட்டைக்குள் கேட்ட குரல்

தாழைக்குளத்தின் கரையில் வடிவு என்றொரு காட்டுக்கோழி இருந்தது. அதற்குப் பொட்டு என்று ஒரே ஒரு குஞ்சு. நெற்றியில் வெள்ளையாக ஒரு புள்ளி இருந்ததால் அந்தப் பெயர்.

வடிவு ரொம்ப நல்ல கோழி. பாசத்தில் அதை மிஞ்ச ஆளில்லை. வாய்தான் கொஞ்சமும் ஓயாது. பொட்டு ஒரு புழுவைப் பார்த்தால், "வாலைப் பிடிச்சு இழுடி!" என்னும். தண்ணீர் குடித்தால், "கழுத்தை நல்லாத் தூக்குடி!" என்னும். சும்மா நின்றாலோ, "என்னடி சும்மா நிக்கிறே?" என்னும். எல்லாவற்றுக்கும் பொட்டு, "சரிம்மா" என்று மட்டும் சொல்லும்.

"என் பிள்ளை வாயில்லாப் பூச்சி" என்று வடிவு காடெல்லாம் சொல்லி வருத்தப்பட்டது. அந்தப் பிள்ளை பேசுவதற்கு இடைவெளி எங்கே இருந்தது என்று யோசிக்க அதற்கு நேரமில்லை. பேசவே நேரம் சரியாக இருந்தது.

அந்தக் கோடையில் ஓர் இளம் கரடி மரத்துக்கு மரம் நின்று சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டு போனது.

"குளத்தங்கரையில கதை எழுதுற பட்டறை நடத்தப் போறேன்! குட்டிங்க வரலாம், குஞ்சுங்க வரலாம், கொம்பு முளைக்கிற வயசுப் பசங்களும் வரலாம்! இலவசம்!"

காட்டில் ஒரே பேச்சாகிவிட்டது. "கரடி விடுறதுக்கு ஒரு வகுப்பா!" என்று குரங்கம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "இலவசம்னா உள்ளே ஏதோ விஷயம் இருக்கு" என்று முயலம்மா மூக்கைச் சுருக்கியது. ஆனால் மறுநாள் விடிந்ததும், சிரித்த குரங்கம்மாவும் சந்தேகப்பட்ட முயலம்மாவும் தங்கள் பிள்ளைகளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து நின்றன. அவர்களுக்கும் முன்னால் வந்து முதல் இடத்தைப் பிடித்திருந்தது நம் வடிவு.

பட்டறை வெகு எளிமையானது. குளத்தங்கரை ஈர மணல்தான் ஏடு. குச்சியோ அலகோ நகமோ, எது இருக்கிறதோ அதுதான் எழுதுகோல். பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து மனதில் வந்ததை எழுத வேண்டும். அவ்வளவுதான்.

"பெரியவங்க எல்லாரும் நாணலுக்கு அந்தப் பக்கம் இருக்கணும். எட்டிப் பார்க்கக் கூடாது!" என்றது கரடி.

"பிள்ளைங்க தப்பா எழுதிட்டா?" என்று கேட்டது வடிவு.

"காத்து வந்து அழிச்சிடும். நாளைக்கு வேற எழுதுவாங்க."

"அப்ப நீங்க என்னதான் சொல்லிக் கொடுப்பீங்க?"

"கேப்பேன்" என்றது கரடி. "அவங்க படிச்சுக் காட்டினா, அப்புறம் என்ன ஆச்சுன்னு கேப்பேன்."

வடிவுக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. கேட்பதற்கு ஒரு கரடி எதற்கு? ஆனால் அடுத்து கரடி சொன்னது அதன் காதில் தேனாகப் பாய்ந்தது.

"பட்டறை முடியுற அன்னிக்குக் காடே கூடும். பிள்ளைங்க தங்களோட கதையைச் சொல்லுவாங்க. யானையார் சிறப்பு விருந்தினரா வர்றார். பரிசு எதுவும் கிடையாது!"

கடைசி வாக்கியம் எந்தப் பெற்றோர் காதிலும் ஏறவில்லை. "முதல் பரிசு என்னவா இருக்கும்?" என்று குரங்கம்மா வடிவிடம் கிசுகிசுத்தது. "எதுவா இருந்தா என்ன, பொட்டுவுக்குத்தான்" என்று வடிவு மனதுக்குள் சொல்லிக்கொண்டது.

சில நாள் போனது. ஒரு நாள் பிள்ளைகள் எல்லாம் நாவல் பழம் பொறுக்கப் போயிருந்த நேரம். வடிவு நாணலை விலக்கிக்கொண்டு பூனை நடை நடந்து பொட்டுவின் மூலைக்குப் போனது. மணலில் கோணல்மாணலாக இப்படி எழுதியிருந்தது:

'ஒரு முட்டை இருந்தது. அது வெளியே வர மாட்டேன் என்றது.'

வடிவுக்குப் பகீரென்றது. "முட்டையாம்! வெளியே வராதாம்! காடே கைகொட்டிச் சிரிக்குமே!"

அதன் கால்கள் பரபரத்தன. பரக், பரக் என்று இரண்டு கிளறு. முட்டை போன இடம் தெரியவில்லை.

பொட்டு திரும்பி வந்து மணலைப் பார்த்தது. பிறகு நாணலுக்கு அந்தப் பக்கம் நின்ற அம்மாவைப் பார்த்தது.

"காத்து அடிச்சுதாம்மா?"

"ஆமாடி, பலமான காத்து!" என்று வடிவு வானத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னது.

"சரிம்மா" என்றது பொட்டு. மறுபடியும் முதலிலிருந்து எழுதத் தொடங்கியது. மறுநாளும் காற்று அடித்தது. அதற்கு அடுத்த நாளும் அடித்தது. பக்கத்து மூலையில் மான்குட்டி எழுதியதில் ஓர் எழுத்துகூட கலையவில்லை. பொட்டுவின் மூலையில் மட்டும் அப்படியொரு காற்று.

விழா நெருங்கியது. வடிவுக்குத் தூக்கம் போய்விட்டது. கடைசியில் அது ஆலமரத்துக் கிளியிடம் ஓடியது. கிளியின் பெயர் சொக்கன். பேச்சில் புலி என்று பெயர் வாங்கியது.

"சொக்கண்ணே! என் பிள்ளை மேடையில நல்ல பேர் வாங்கணும். நீங்கதான் ஒரு கதை தந்து காப்பாத்தணும்!"

சொக்கன் ஒரு கண்ணை மூடி யோசித்தது. "கொய்யாப்பழம் கொண்டு வந்தியா?"

கொண்டு வந்திருந்தது. நல்ல சிவப்புக் கொய்யா. சொக்கன் அதைக் கொறித்துக்கொண்டே ஒரு கதை சொன்னது. அதில் ஓர் அன்னம் இருந்தது, தாமரை இருந்தது, முழு நிலா இருந்தது, முடிவில் உலக ஒற்றுமையும் இருந்தது. வடிவுக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

"இது உன் பிள்ளைக்கு மட்டும்தான். வெளியில மூச்சு விட்டுடாதே!" என்றது சொக்கன்.

"நான் ஏன்ணே விடப் போறேன்!" என்று வடிவு அலகை இறுக மூடிக்கொண்டது. பிறந்ததிலிருந்து அது காப்பாற்றிய ஒரே ரகசியம் அதுதான்.

மறுநாள் காலை பொட்டு பட்டறைக்குக் கிளம்பியது. வடிவு வழியை மறித்தது.

"இன்னிக்குப் போக வேண்டாம். இந்த அன்னத்தை மனப்பாடம் பண்ணு!"

"அம்மா, என் கதை பாதியில நிக்குதும்மா. இன்னிக்குப் போனா முடிச்சிடுவேன்."

"நிக்கட்டும். முட்டைக்கு என்ன அவசரம்? அன்னத்தைச் சொல்லு! 'ஆகா, அழகிய தாமரைத் தடாகத்திலே...' சொல்லுடி!"

"ஆகா, அழகிய தாமரைத் தடாகத்திலே" என்றது பொட்டு, கொட்டாவி விட்டுக்கொண்டு. அதன் கண் குளக்கரைப் பக்கமே இருந்தது. வடிவு அதைக் கவனிக்கவில்லை.

விழா நாள் வந்தது. காடே குளத்தங்கரையில் கூடியது. யானையாருக்கு வாழையிலையால் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். அவர் அதை அங்கேயே தின்றுவிட்டு, "தொடங்கலாம்" என்றார்.

முதலில் முயல்குட்டி மேடைக் கல்லில் ஏறியது.

"ஆகா, அழகிய தாமரைத் தடாகத்திலே ஓர் அன்னம் நீந்தியது!"

வடிவின் கொண்டை சட்டென்று நிமிர்ந்தது. முயலம்மா பெருமையில் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தது. கூட்டம் கை தட்டியது.

அடுத்து குரங்குக்குட்டி. "ஆகா, அழகிய தாமரைத் தடாகத்திலே..." என்று தொடங்கியது. இப்போது முயலம்மாவின் காதுகள் நிமிர்ந்தன. அடுத்து வந்த அணில்பிள்ளையும் அதே தடாகத்தில் அதே அன்னத்தை இறக்கிவிட்டது. அதற்குப் பிறகு கொம்பு முளைக்கத் தொடங்கியிருந்த மான் பையன் வந்தான். எதிலுமே விருப்பமில்லாதவன்போல் நின்று, உடைந்த குரலில், "ஆகா, அழகிய" என்றான். கூட்டத்தில் பாதி மீதியைத் தானே சொல்லி முடித்தது.

பெற்றோர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எல்லாரும் ஆலமரத்தைத்தான் பார்த்தார்கள். அங்கே சொக்கன் மெதுவாக ஒரு கிளை மேலே நகர்ந்து உட்கார்ந்தது. கொய்யாப்பழம் தின்று தின்று உடம்பு பெருத்துப் போனதில் அதற்குப் பறந்தோட முடியவில்லை. பாவம், அதற்குத் தெரிந்ததே அந்த ஒரு கதைதான்.

யானையார் குறட்டை விட்டார்.

"அடுத்து, பொட்டு!" என்று கரடி கூப்பிட்டது.

வடிவுக்குக் கைகால் ஓடவில்லை. அன்னத்தைச் சொன்னாலும் சிரிப்பார்கள், முட்டையைச் சொன்னாலும் சிரிப்பார்கள். எப்படிப் பார்த்தாலும் மானம் போகப் போகிறது. பிள்ளை அத்தனை பேர் முன்னால் தனியாக நிற்கிறதே! பொட்டு மேடைக் கல்லின் மேல் நின்று, என்ன செய்யட்டும் என்பதுபோல் அம்மாவைப் பார்த்தது. வடிவு அலகைத் திறந்தது. ஒரு வார்த்தையும் வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அதற்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

பொட்டு கொஞ்சம் காத்திருந்து பார்த்தது. அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கியது.

"ஒரு முட்டை இருந்தது. அது வெளியே வர மாட்டேன் என்றது. 'ஏன்?' என்று அம்மா கேட்டது. 'உள்ளே எனக்கு வேலை இருக்கிறது. தட்டாதே' என்றது முட்டை. காக்கா வந்து தட்டியது. ஓணான் வந்து தட்டியது. அம்மாவும் தட்டியது. முட்டைக்குக் கோபம் வந்தது. அது தானாக உருண்டது."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு சிரிப்பு அடங்கியது. முட்டை மேட்டிலிருந்து உருண்டது. முள்ளம்பன்றியின் முதுகை மயிரிழையில் தப்பியது. பாம்புப் புற்றின் வாயில் போய் நின்று, பாம்பு கொட்டாவி விடுவதற்குள் மறுபடி உருண்டது. யானையாரின் குறட்டை நின்று வெகு நேரமாகியிருந்தது.

"கடைசியில் முட்டை ஆற்றில் விழுந்து மிதந்தது. அம்மா கரையோடு அழுதுகொண்டே ஓடியது. அப்போது ஓட்டில் ஒரு சின்னக் கீறல் விழுந்தது. உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. அது குஞ்சின் குரல் இல்லை."

பொட்டு நிறுத்தியது. எல்லாரும் கழுத்தை நீட்டிக்கொண்டு முன்னால் நகர்ந்தார்கள்.

"அவ்வளவுதான்" என்றது பொட்டு.

"அவ்வளவுதானா!" என்று எழுந்தார் யானையார். "அப்ப அது யார் குரல்?"

"தெரியாதுங்க. எழுதி முடிக்கணும்னு நினைச்ச அன்னிக்கு அன்னத்தை மனப்பாடம் பண்ணிக்கிட்டிருந்தேன்."

காடு மொத்தமும் திரும்பி வடிவைப் பார்த்தது. வடிவு றெக்கைக்குள் தலையை விட்டுக்கொண்டது. ஆனாலும் பழக்கம் விடுமா?

"பொட்டு! அம்மா சொல்றேன் கேளு! அது ஒரு ராஜகுமாரனோட குரல்னு வெச்சுக்கோ..."

"உஸ்ஸ்!" என்றன முயலம்மாவும் குரங்கம்மாவும் அணிலம்மாவும் சேர்ந்து.

"குரல் யாரோடதுன்னு தெரியாம நான் வீட்டுக்குப் போறதா இல்லை!" என்று யானையார் தொப்பென்று உட்கார்ந்தார். குளத்துத் தண்ணீர் கரையேறிவிட்டு இறங்கியது.

அந்த 'உஸ்ஸ்' வடிவின் நெஞ்சில் போய் எங்கோ தைத்தது. பொட்டு முட்டைக்குள் இருந்த நாள் அதற்கு ஞாபகம் வந்தது. மற்ற முட்டைகளை எல்லாம் கீரி கொண்டுபோய்விட்டது. மிஞ்சியது அந்த ஒன்றுதான். ஓடு கீறிய பிறகும் குஞ்சு வெளியே வரவில்லை. "நீயே கொத்தி உடைச்சிடேன்!" என்று எல்லாரும் சொன்னார்கள். வடிவு மறுத்துவிட்டது. "நாம உடைச்சா குஞ்சு கால் ஊனாது. அதுவா வரட்டும்" என்று பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் காத்துக் கிடந்தது. அப்படிக் காத்துக் கிடந்த கோழிதான், மணலில் இருந்த முட்டையை மூன்று தடவை கிளறி உடைத்திருக்கிறது! வடிவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அது மேடைக் கல் அருகே போனது.

"பொட்டு... அன்னிக்குக் காத்து அடிக்கலடி."

"தெரியும்மா" என்றது பொட்டு. "காத்துக்கு மூணு விரல் கிடையாதே."

வடிவு அசடு வழிந்தது. "போ, போய் எழுது. நான் அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்கிறேன்."

விடிந்ததும் பொட்டு மணலில் உட்கார்ந்தது. வடிவு நாணலுக்கு அப்பால் முதுகைக் காட்டிக்கொண்டு காவல் இருந்தது. "யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது!" என்று எல்லாரையும் துரத்தியது. அதன் கழுத்து மட்டும் தானாகத் திரும்பும். உடனே வடிவு அதைத் தன் காலாலேயே பிடித்து நேராக்கிக்கொள்ளும். பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த யானையாரும் ஒரு கண்ணை மட்டும் கொஞ்சம் திறந்து வைத்திருந்தார்.

வெயில் ஏறியது. "அம்மா, வந்து படிக்கிறியா?" என்று பொட்டு கூப்பிட்டது.

வடிவு ஓடவில்லை. காலை எங்கே வைக்கிறோம் என்று பார்த்துப் பார்த்து, ஓர் எழுத்தும் கலையாமல் நடந்து போய் உரக்கப் படித்தது.

'அது குஞ்சின் குரல் இல்லை. அதன் அம்மாவின் குரல். முட்டை அந்த ஒரு குரலைத்தான் கேட்டிருந்தது. அதனால் வாயைத் திறந்தால் அதுவே வந்தது. கரையில் ஓடிய அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. அது பேசாமல் நின்றது. முட்டைக்குள்ளும் அமைதியானது. அந்த அமைதியில் புதிதாக ஒரு சத்தம் கேட்டது. கீச். முட்டை, "அட, இது யார்?" என்று பார்க்க ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது.'

படித்து முடித்த வடிவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. யானையார் தும்பிக்கையைத் தூக்கிப் பிளிறினார். மான் பையன் யாருக்கும் தெரியாமல் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு தன் மூலைக்குப் போனான். முயல்குட்டியும் குரங்குக்குட்டியும் அன்னத்தைத் தடாகத்திலேயே விட்டுவிட்டு அவன் பின்னால் ஓடின.

வடிவு ஏதோ சொல்ல அலகைத் திறந்தது. பிறகு மூடிக்கொண்டு, கரடியைப்போலவே கேட்டது.

"அப்புறம் என்னடி ஆச்சு?"

பொட்டு பேசத் தொடங்கியது. சாயங்காலம் வரை நிறுத்தவே இல்லை.

ஓட்டை உடைத்துக்கொண்டு வரவேண்டியது குஞ்சின் வேலை, அதுவரை பொறுத்திருந்து காது கொடுப்பதுதான் பெற்றவர்களின் வேலை.