புயலுக்கு மறுநாள் இரண்டு சைக்கிள்கள்

"கோச், எதை எடுக்கட்டும்? டியூப்லெஸ்ஸா, டியூபா?"

சைக்கிளோடு உடனே வரும்படி ரெஜினா சொல்லியனுப்பியிருந்ததால், தாமோதரன் இரண்டு சைக்கிள்களையும் உருட்டிக்கொண்டு வந்திருந்தார். இரண்டும் அவருடையவை. வீட்டில் வைத்து முடிவெடுக்க அவரால் முடியவில்லை.

ரெஜினா சுகாதார நிலையத்தின் வாசலில் உட்கார்ந்து, தன் சைக்கிளின் செயினில் சிக்கியிருந்த வைக்கோலைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

தாமோதரனைவிட ரெஜினா வயதில் சின்னவர். ஒரு காலத்தில் மாநிலத்துக்காகப் பந்தயம் ஓட்டியவர். இப்போது கடற்கரைச் சாலையில் ஐந்தாறு பேருக்கு நெடுந்தூரம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். தாமோதரன் இந்தக் கேள்வியைப் பல மாதங்களாகக் கேட்டுவருகிறார். ஒரு தடவைகூட விடை கிடைக்கவில்லை.

"டியூப்லெஸ்ல முள்ளு குத்தினா உள்ள ஊத்தியிருக்கிற பசைப் பால் தானா அடைச்சுக்கும். நிக்க வேண்டியதில்ல. ஆனா பெருசா கிழிஞ்சா கஷ்டம். டியூப்னா அடிக்கடி பஞ்சர் ஆகும், ஆனா உடனே ஒட்டிடலாம். அதான் யோசிக்கிறேன்."

உள்ளே இருந்து டாக்டர் வந்தார். கையில் ஒரு சிறிய ஃபிளாஸ்க்.

"புயல்ல வீடு போனவங்கள கோடியூர் பள்ளிக்கூடத்துல தங்க வெச்சிருக்காங்க. தர்ஷிகான்னு ஒரு பொண்ணு, ஒன்பது வயசு. சின்னதுலேர்ந்தே சர்க்கரை. வீட்டோட சேர்ந்து மருந்தும் போயிருச்சு. நேத்திக்கு ஊசி போடல. வாந்தி எடுக்குதாம், மூச்சு வாங்குதாம். விடியக்காலைல ஒருத்தர் நடந்தே வந்து சொன்னாரு. அங்க நர்ஸ் இருக்காங்க, சலைன் இருக்கு. இன்சுலின்தான் இல்ல. இதுல வெச்சிருக்கேன்."

"எத்தன மணிக்குள்ள போகணும்?" என்று ரெஜினா கேட்டார்.

"மதியத்துக்குள்ள. அதுக்கு மேலன்னா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

சாலை முழுக்க மரங்கள் விழுந்து கிடந்தன. கார் போகாது. பைக்கும் போகாது. சைக்கிளானால் தூக்கித் தாண்டிக்கொள்ளலாம்.

ரெஜினா எழுந்து ஃபிளாஸ்க்கை வாங்கித் தாமோதரனின் இரண்டு கைகளிலும் வைத்தார்.

"பிடிங்க சார்."

பிடித்தார். சில்லென்று இருந்தது. கைகள் இரண்டும் அதில் இருந்ததால் சைக்கிள்கள் இரண்டும் சுவரில் சாய்ந்து நின்றன.

"இப்ப கேளுங்க" என்றார் ரெஜினா.

தாமோதரன் கேள்வியைக் கேட்காமல் ஃபிளாஸ்க்கைத் திருப்பி நீட்டினார்.

ஃபிளாஸ்க்கை ரெஜினா தன் முதுகுப் பையில் போட்டுக்கொண்டார். தாமோதரன் டியூப்லெஸ்ஸை எடுத்தார்.

கிளம்பினார்கள்.

சாலையோரத்துச் சீமைக் கருவேல மரங்கள் எல்லாம் சாலையில்தான் கிடந்தன. இருவரும் இறங்கினார்கள், தூக்கினார்கள், ஏறினார்கள். மறுபடி இறங்கினார்கள். கால் மிதித்த இடமெல்லாம் முள். மழை நின்றிருந்தது. காற்று நிற்கவில்லை.

முதலில் பஞ்சரானது ரெஜினாவின் சைக்கிள். அது டியூப் போட்டது.

ரெஜினா இறங்கி, டியூபை உருவி, ஒட்டுப்போட்டு, காற்றடித்தார். தாமோதரனின் டயரிலும் முள் ஏறியிருந்தது. பிடுங்கியதும் வெள்ளையாக ஒரு துளி எட்டிப்பார்த்தது. அதோடு ஓட்டை அடைந்துவிட்டது.

நான் எடுத்ததுதான் சரி என்று தாமோதரனுக்குத் தோன்றியது. உடனே அந்தப் பெண் குழந்தையின் ஞாபகம் வந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

உப்பளம் தொடங்கும் இடத்தில் ரெஜினாவின் டியூப் இரண்டாவது தடவையும் இறங்கியது. இந்த முறை வால்வின் அடியிலேயே கிழிந்திருந்தது.

ரெஜினா பையைக் கழற்றி நீட்டினார்.

"நீங்க போங்க சார்."

"நீங்க?"

"மாத்திட்டு வரேன்."

"சேர்ந்தே போயிடலாம் கோச். கொஞ்ச நேரம்தானே?"

"மணி என்ன ஆகுதுன்னு தெரியும்ல?"

தாமோதரன் சாலையைப் பார்த்தார். ஒரு மனிதர் இல்லை. உப்புப் பாத்திகள் எல்லாம் ஒரே தண்ணீராகி, எது பாத்தி எது வரப்பு என்று தெரியாமல் கிடந்தன.

"நான் தனியாப் போனதே இல்ல கோச். வழியில ஏதாவது ஆச்சுன்னா..."

ரெஜினா ஏற்கெனவே சக்கரத்தைக் கழற்ற ஆரம்பித்திருந்தார். நிமிரவில்லை.

தாமோதரன் பையை மாட்டிக்கொண்டு ஏறினார்.

வேகமாக மிதித்தார். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். ரெஜினா சின்னப் புள்ளியாகி, பிறகு தெரியாமலே போனார்.

காற்று எங்கிருந்தோ பிய்த்துவந்த கூரைத் தகரம் ஒன்று சேற்றுக்குள் புதைந்து கிடந்தது. விளிம்பு மட்டும் வெளியே. அவர் அதைப் பார்க்கவில்லை.

சத்தம் கேட்டது. வெள்ளைப் பால் பீய்ச்சி அடித்து முழங்காலெல்லாம் நனைந்தது. சக்கரம் நின்றது.

கட்டைவிரல் நுழையும் அளவுக்கு டயர் கிழிந்திருந்தது. பால் கொட்டிக்கொண்டே இருந்தது. அடையவில்லை.

தாமோதரனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். டயரைக் கழற்ற வேண்டும். கிழிசலுக்கு உட்பக்கம் தடிப்பாக எதையாவது வைக்க வேண்டும். சீட்டுக்கு அடியில் கட்டியிருக்கும் டியூபைப் போட வேண்டும். எத்தனையோ தடவை வீட்டில் செய்து பழகியிருக்கிறார்.

பையை இறக்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு மண்டியிட்டார்.

டயர் ரிம்மை விட்டு வரவில்லை. விரல்கள் பாலில் வழுக்கின. நெம்புகோலைச் செருகி அழுத்தினார். அது முறிந்தது. இன்னொன்றை எடுத்தார். டியூப் போட்டதை எடுத்து வந்திருக்கலாம் என்று மனம் சொன்னது. அதுவும் இந்தத் தகரத்தில் கிழிந்துதான் இருக்கும் என்று அதே மனம் சொன்னது. அழுத்தினார். ஒரு பக்கம் கொஞ்சம் விலகியது. இன்னும் கொஞ்சம்தான். ஐந்தே நிமிடம்.

வியர்வையைத் துடைக்கத் தலையைத் திருப்பினார். மருந்து இருந்த பையின் மேல் ஈ ஒன்று உட்கார்ந்திருந்தது.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு நெம்புகோலை அப்படியே டயரில் விட்டுவிட்டு எழுந்தார்.

பையை மாட்டிக்கொண்டு ஓடினார். சைக்கிள் ஷூவின் அடிப்பாகம் கட்டை மாதிரி. நாலடி போவதற்குள் சேற்றில் இரண்டு தடவை விழவைத்தது. ஷூ இரண்டையும் கழற்றி சைக்கிள் பக்கம் எறிந்தார். வெறுங்காலோடு ஓடினார்.

முட்கள் குத்தின. முதலில் நின்று பிடுங்கினார். பிறகு பிடுங்கவில்லை.

கோடியூர் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறையில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, அந்தப் பெண்ணைப் படுக்கவைத்திருந்தார்கள். நெஞ்சு வேகவேகமாக ஏறி இறங்கியது. உதடு வெடித்திருந்தது. அம்மா தலைமாட்டில் நின்றார். அழவில்லை. அழுது முடித்த முகம் அது.

நர்ஸ் ஃபிளாஸ்க்கைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார்.

தாமோதரன் வராந்தாவில் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தார். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். யாரோ அவர் பாதங்களைப் பார்த்துவிட்டு ஊக்கு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். முட்களை ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க அவர் வகுப்பறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெகுநேரம் யாரும் வெளியே வரவில்லை.

கடைசியில் அம்மா வந்தார்.

"கண்ணு முழிச்சுட்டா. தண்ணி வேணும்னு கேக்குறா" என்றார். தூணைப் பிடித்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் ரெஜினா வந்து சேர்ந்தார். சைக்கிளைப் படியில் சாய்த்துவிட்டு நேராக வகுப்பறைக்குள் போனார். நர்ஸிடம் ஏதோ கேட்டார். திரும்பி வந்து தாமோதரன் பக்கத்தில் உட்கார்ந்தார்.



"கோச், வழியில என் சைக்கிளைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"நெம்புகோல் அப்படியே டயர்ல மாட்டிக்கிட்டு..."

"ஆமா. ஷூ ரெண்டும் பக்கத்துல கிடந்துச்சு."

"எனக்கு என்னமோ ஆயிருச்சுன்னு பயந்துட்டீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"பை அங்க இல்ல சார்" என்றார் ரெஜினா. "நான் நிக்கவே இல்ல."