டிஷ்யூ போட்டுப் பிடித்த இடம்

இணையத்தில் சேர எந்த நிறுவனத்துக்கும் முகவரி எண்கள் வேண்டும். கையிருப்போ தீர்ந்துகொண்டிருந்தது. இனி எப்படிப் பங்கிடுவது என்று விதி எழுத சென்னையில் கூட்டம் போட்டார்கள்.

உடன்குடியில் சின்னதாக நெட் கனெக்‌ஷன் கொடுக்கும் ஜெபராணி எழுந்தாள். "பெரிய கம்பெனிங்க சும்மா வச்சிருக்க எண்களைத் திருப்பித் தரணும் சார். எங்க ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல."

எண்களை மலைமலையாகப் பதுக்கியிருந்த பெரிய கம்பெனி முதலாளி வேங்கடவரதன் சிரித்தார். "முதல்ல வந்து பிடிச்சவனுக்குத்தாம்மா சொந்தம். பயன்படுத்துறானா இல்லையான்னு கேக்க நீ யாரு? அதையே விதியா எழுதுங்க!"

சாப்பாட்டுக்குக் கலைந்தார்கள். ஜெபராணி நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு முதல் ஆளாக ஓடிவந்தாள். பஸ்ஸில் துண்டு போடுவதுபோல ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு டிஷ்யூ பேப்பரைப் போட்டாள். வரதனின் மெத்தை நாற்காலியில் மட்டும் தன் குடையை வைத்தாள்.

ஏப்பம் விட்டபடி வந்த வரதன் குடையை எடுக்கப் போனார்.

"ஆள் வருது சார்."

"எல்லா சீட்டுக்குமா? எந்த ஆளு?"

"வந்தாலும் வரும், வராட்டியும் போகும். முதல்ல பிடிச்சது நான்."

கூட்டமே சுவரோரம் நின்றது. வரதன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கத்தினார். "உட்கார ஆளே இல்லாத இடத்தைப் பிடிச்சு வச்சுக்கிட்டு, தேவைப்படுறவனை நிக்க வைக்கிறது என்னம்மா நியாயம்?"

ஜெபராணி கூட்டத் தலைவரிடம் திரும்பினாள். "சார் சொன்னதை அப்படியே விதியா எழுதிக்கிடுங்க ஐயா."

கால் கடுத்துப்போயிருந்த தலைவர் நின்றபடியே எழுதினார். அத்தனை கைகளும் உயர்ந்தன.

அதற்குப் பிறகுதான் ஜெபராணி குடையை எடுத்தாள். "இப்ப உட்காருங்க சார்."