நாலாவது குஞ்சைத் தேடும் சூக்காக்கள்

அந்தக் காலத்தில் பிரான்ஸ் நாட்டுப் பறவைகளுக்கும் வாய்ப்பேச்சு இருந்தது. சூக்கா என்னும் குட்டிக் காக்கைகள் அப்போது உடம்பெல்லாம் கறுப்பு. ஆற்றங்கரை மரங்களில்தான் கூடு கட்டும்.

அப்படி ஓர் ஆற்றின் மேட்டில் வல்ப்ரேஸ் என்றொரு சிற்றூர். ஒரு கல் பாலம், கோபுரத்தோடு பழைய தேவாலயம், சரிவெல்லாம் திராட்சை, அவ்வளவுதான் ஊர். ஆலங்கட்டி மேகம் வந்தால் தேவாலய மணியை அடித்து ஆற்றுப் பக்கம் விரட்டுவது ஊரார் வழக்கம். மணியடிப்பவள் ஒதில். சனிக்கிழமைதோறும் மேலே ஏறி எங்காவது நைந்திருக்கிறதா என்று மணிக்கயிற்றை முழுசாகத் தடவிப் பார்க்க வேண்டியவள், கைக்கு எட்டிய மட்டும் தடவிவிட்டு வீட்டுக்கு நடையைக் கட்டுவாள். அம்மணிக்குப் படி என்றால் ஆகாது!

ஜூன் மாதம், கொடிகள் பூத்த நேரம். ஒரு மதியம் மேகம் கன்னங்கரேலென்று திரண்டது. போன வருடக் கல்மழையிலேயே பாதி ஊர் காலி. இந்த முறையும் பூ உதிர்ந்தால் மிச்சமிருந்த பதினொரு குடும்பமும் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஒதில் ஓடிவந்து கயிற்றை இழுத்தாள். கயிறு அறுந்து தலைமேல் விழுந்தது.

பதறிப்போய்ப் படியேறினாள். சுண்ணாம்புச் சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறியதில் கையெல்லாம் வெள்ளை. மேலே மணிக்குப் பக்கத்தில் ஒரு சூக்கா, அலகில் கயிற்று நாரோடு.

"அடிப் பாவி, நீதானா?" என்று அதன் பிடரியைப் பிடித்தாள்.

"குஞ்சுக்கு மெத்தை வேணும்னு உருவினேன், மணிக்காரம்மா. நாலு குஞ்சு, ஆத்தங்கரை மரத்துல இருக்கு. நீங்க மேகத்தை அங்கதானே விரட்டுவீங்க?"

ஒதிலின் பிடி தளர்ந்தது. எத்தனை வருடமாக விரட்டுகிறோம், அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று ஒருநாளும் நினைத்ததில்லையே!

"பற. ஒவ்வொண்ணா இங்க தூக்கிட்டு வா. முடிஞ்ச மட்டும் மணியடிக்காம பொறுத்திருக்கேன்."

மணியின் நாக்கைக் கையால் பிடித்தபடி நின்றாள். முதல் குஞ்சு வந்தது. இரண்டாவது வந்தது. "ஒதில், என்ன பண்றே? அடிச்சுத் தொலை!" என்று கீழே ஊரே கத்தியது. மூன்றாவதை வைத்துவிட்டுச் சூக்கா திரும்பிப் பறந்தபோது, கோபுர ஓட்டில் படீரென்று முதல் கல் விழுந்தது. சரிவின் மேல்வரிசையில் பூ உதிரத் தொடங்கியது.

ஒதில் ஆற்றைப் பார்த்தாள். சூக்கா இன்னும் மரத்தை எட்டவில்லை.

"மன்னிச்சுக்கடி" என்று அழுதுகொண்டே நாக்கை மணியில் மோதினாள். காது அடைத்த பிறகும் நிறுத்தவில்லை.

மேகம் திரும்பியது. ஆற்றங்கரை முழுக்கக் கல்லாய்க் கொட்டிவிட்டுப் போனது. திராட்சை பிழைத்தது, ஊரும் பிழைத்தது. சிறகு தொங்க வந்து சேர்ந்த சூக்காவின் அலகில் ஒன்றுமில்லை. ஒதிலால் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சுவர்ப் பொந்து ஒன்றைத் துடைத்து, மூன்று குஞ்சுகளையும் உள்ளே வைத்தாள்.

சூக்காக்கள் கோபுரங்களில் குடியேறியது அன்று முதல்தான். ஒதிலின் சுண்ணாம்புக் கை பட்ட பிடரி இன்றும் சாம்பல் நிறம். மணி ஒலித்ததும் அத்தனையும் கூச்சலிட்டு வெளியே பாய்வதும், ஆற்றுப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றி, நாலாவது குஞ்சைத் தேடிப் பார்த்துவிட்டுத் திரும்புவதும் அன்று முதல்தான்.